நாலாம் சர்வே, ஏழாம் உட்பிரிவு

என் பெரியப்பா மகன் துரைராசுவுக்குப் பல்வலி வந்தபோது ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

விஷயம் ஒரு வரப்பு. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் மேற்கே பெரியப்பாவுக்கு, கிழக்கே எங்கப்பாவுக்கு என்று பிரித்த நிலம் அது. நடுவில் வரப்பு. ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் அண்ணன் தன் பக்கத்து வரப்பை மண்வெட்டியால் கொஞ்சம் கழிப்பார். கழித்த சேற்றை எடுத்து என் பக்கம் அப்பி மெழுகுவார். பார்க்கிறவர்களுக்கு, மனிதர் எவ்வளவு அக்கறையாக வரப்பைப் பராமரிக்கிறார் என்று தோன்றும். வரப்பின் அகலம் குறையாது, உயரம் குறையாது, இடம் மட்டும் மாறும். இப்படியே கிழக்குப் பார்த்து நடந்து நடந்து, நான் விழித்துக்கொள்வதற்குள் அந்த வரப்பு என் நிலத்துக்குள் மூன்றடி வந்துவிட்டது.

எல்லையில் நட்டிருந்த சர்வே கல் இப்போது அவர் வயலுக்குள் தனியாக நிற்கிறது. அதற்கும் அவர் ஒரு வழி செய்துவிட்டார். ஓர் ஆடி வெள்ளிக்கிழமை அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, இது எங்கள் காவல் தெய்வம் என்று சொல்லிவிட்டார். அரசாங்கம் அம்புக்குறி வெட்டி நட்ட கல் எப்படி ஐயா சாமியாகும் என்று கேட்டேன். அம்புக்குறி இல்லை, அது சூலம் என்றார்.

எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. கிழக்கே எனக்கு அடுத்த வயல் காளியம்மாள் அக்காவுடையது. அவருடன் எனக்கு ஒருநாளும் தகராறு வந்ததில்லை. வீட்டுக்காரர் போன பிறகு ஆள் வைத்து வரப்பு வெட்ட அவரால் முடியவில்லை என்பதால், எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் வரப்பை வருஷா வருஷம் நானே வெட்டி மெழுகிக் கொடுத்துவிடுவேன். கூலி என்று ஒரு காசு கேட்டதில்லை. பக்கத்து வயல்காரன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிலத்தை அளக்கச் சொல்லி நான் மனு கொடுக்காமல் இல்லை. சர்வேயர் வருகிற அன்று வயலில் பயிர் நிற்கும். பயிர் இல்லாத அன்று தண்ணீர் நிற்கும். இரண்டும் இல்லாத அன்று அண்ணன் ஊரில் இருக்க மாட்டார். ஊராட்சித் தலைவர் செம்மொழி எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். அண்ணன் கொஞ்சமும் அசையவில்லை. யார் நிற்கிறார்களோ அவர்கள் இடம், இத்தனை வருஷமாக நான் உழுது நிற்கிறேன், அப்போதெல்லாம் யாரும் கேட்கவில்லை, இனிமேல் அது என் இடம்தான் என்றார். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மாசி மாதம், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, அவருக்குப் பல்வலி வந்தது. அவர் மகன் சூர்யபிரகாஷ் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறான். எனக்குப் போன் செய்து, அப்பா நாலு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லையாம், நீங்கள்தான் சித்தப்பா காரில் அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்றான். எங்கள் பக்கத்தில் பங்காளிச் சண்டை வயலோடு சரி. ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் கூடப் போகாமல் இருந்தால் ஊர் காறித் துப்பும். அதோடு, அவர் வலியில் முனகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பை விட எனக்கும் மனம் வரவில்லை.

தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினார். பிணத்துக்குக் கட்டுவது போல இருந்தது. சொன்னால் அடிப்பார் என்று சொல்லவில்லை.

குடவாசலில் டாக்டர் மாதங்கி புதிதாகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அண்ணனை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்து, உதவிக்கு இருந்த வானதி என்ற பெண்ணிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். பதினேழு இருக்கு, பதினாறு கீழே இறங்கியிருக்கு, முப்பத்தாறு இல்லை, முப்பத்தேழு இல்லை என்று வந்து, வலிக்கிற இடத்தைத் தொட்டதும், நாற்பத்தேழு என்றார். அண்ணன் வாயிலிருந்த கண்ணாடியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மொத்தமாக இருபது பல் தேறாது, நாற்பத்தேழு என்று எழுதுகிறீர்களே, இல்லாத பல்லுக்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. இதே கேள்வியை தினம் நாலு பேர் கேட்பார்கள் போல. பொறுமையாக விளக்கினார். வாயை நாலு பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் வலதுபக்கம் மேலே இருப்பது ஒன்று. அங்கிருந்து சுற்றி வந்தால் இடதுபக்கம் மேலே இரண்டு, இடதுபக்கம் கீழே மூன்று, வலதுபக்கம் கீழே நாலு. ஒவ்வொரு பகுதியிலும் முன்பக்க நடுவிலிருந்து பின்னால் போகப் போக ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ண வேண்டும். முதல் இரண்டும் வெட்டுப்பல், மூன்றாவது கோரைப்பல், நாலும் ஐந்தும் சின்னக் கடைவாய்ப்பல், ஆறும் ஏழும் பெரிய கடைவாய்ப்பல், எட்டு ஞானப்பல். முதலில் பகுதியின் எண், பிறகு பல்லின் எண். அதனால் நாற்பத்தேழு என்பது நாற்பத்தேழாவது பல் இல்லை. நாலாம் பகுதியில் ஏழாவது.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்லை. அவிழ்த்து மடியில் வைத்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படிச் சொல்லுங்க. நாலாம் சர்வே, ஏழாம் உட்பிரிவு."

டாக்டருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனாலும் அப்படித்தான் என்று தலையாட்டினார். அப்படியானால் சின்னப் பிள்ளைகளின் பால் பல்லுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அண்ணன். அதற்குத் தனியாக ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று பகுதி எண்கள் உண்டு என்றார் டாக்டர். பூர்வீகச் சொத்து, தனி நம்பர்தான் போடுவார்கள் என்று என்னிடம் திரும்பி விளக்கினார் அண்ணன். இந்த முறை உலகம் முழுக்க உண்டு, அமெரிக்காவில் மட்டும் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை நேராக எண்ணிக்கொண்டு போவார்கள் என்றும் டாக்டர் சொன்னார். பழைய சர்வே நம்பர், புது சர்வே நம்பர் என்று அதையும் அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஏறாத மனிதர். நிலம் என்று வந்துவிட்டால் மூளைக்குத் தனி வாய்க்கால் திறந்துவிடும்.

பிறகு அவராகவே விரலை வாய்க்குள் விட்டு நடுவிலிருந்து எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அப்புறம் சின்ன இடைவெளி. அதற்கு அடுத்து, முன்பக்கம் சாய்ந்தபடி, வலிக்கிற பல். இது ஆறுதானே, நீங்கள் ஏன் ஏழு என்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆறு எப்போதோ எடுத்தாகிவிட்டதே என்றார் டாக்டர்.

எடுத்தது உண்மைதான். ஊருக்கே தெரிந்த கதை அது. அண்ணன் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போனபோது, மாமனார் வீட்டுக் கறிக்குழம்பில் எலும்பைக் கடித்து அந்தப் பல் உடைந்தது. அண்ணி பூவம்மாளின் வீட்டாரை அண்ணன் அதைச் சொல்லியே இந்த முப்பத்தைந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினார். ஆறாம் பல் போனதும் அந்த இடம் காலியாகிவிட்டது. பின்னால் இருந்த ஏழாம் பல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்து அந்த இடத்துக்குள் வந்துவிட்டது. சாய்ந்ததற்கு அடியில் சோறும் கறியும் போய் அடைத்து, ஈறு கெட்டு, இப்போது சீழ் வைத்திருக்கிறது.

அண்ணன் விடவில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஆறு நின்ற இடத்தில் நின்று, ஆறு செய்த வேலையைச் செய்து, எனக்குக் கறி அரைத்துக் கொடுத்திருக்கிறது, அதை ஆறு என்று எழுதினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்றார்.

"பல்லுக்குப் பேரு அது நிக்கிற இடத்தை வச்சு வர்றதில்லீங்க. எந்தப் பல்லா முளைச்சுச்சோ அதுதான் அதோட பேரு. இன்னும் நூறு வருஷம் ஆறோட இடத்துல நின்னாலும் ஏழு ஏழுதான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் நான் மனு மனுவாக எழுதியும் சொல்ல வராததை, ஒரு பெண் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. காதில் சரியாக விழவில்லை, இன்னொரு தரம் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் டாக்டர் என்றேன். பாவம், அவரும் சத்தமாகச் சொன்னார். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

வைத்தியம் என்ன என்றும் சொன்னார். வாயில் எதுவும் தனியாக நகர்வதில்லை. முன்னால் ஏழு சாய்ந்தால், பின்னால் இருக்கிற எட்டும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வரும். இப்போது அந்த எட்டை எடுத்துவிட்டு, ஏழுக்குக் கம்பி கட்டி, மெதுவாக அதன் பழைய இடத்துக்கே பின்னால் தள்ள வேண்டும். பல மாதம் ஆகும். பிறகு காலியாகும் ஆறாம் இடத்தில் புதுப்பல் வைக்கலாம். இடதுபக்கம் கீழே மெல்லுவதற்கு ஒன்றும் இல்லை. இப்படியே விட்டால் இந்த ஏழும் ஆடி விழுந்துவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கஞ்சிதான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஏழாம் பல்லைப் பின்னால் தள்ள அவர் சம்மதித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சீழுக்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுங்கள், மற்றதை யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். கார் சோழசூடாமணி ஆற்றுப் பாலம் தாண்டியதும், பல் வேறு நிலம் வேறு என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. என் நெல்லைப் போட்டு முடித்தாகிவிட்டது. ஆனால் ஊரில் பாதிப்பேர் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டு, ஈரப்பதம் குறையட்டும் என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற இடம் அது. ஒரு வழக்கை எடுத்துவைக்க அதைவிடத் தோதான இடம் உச்ச நீதிமன்றம்கூட இல்லை. நாலாம் பகுதி, ஏழாம் பல், நூறு வருஷம் நின்றாலும் ஏழு ஏழுதான் என்று, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

மத்தியானத்துக்குள் ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. நிற்கிற இடம்தான் பேர் என்பவர்கள் ஆறுக்காரர்கள். முளைத்ததுதான் பேர் என்பவர்கள் ஏழுக்காரர்கள். நெல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வாயை ஒருவர் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தார்கள். வெற்றிலைக் காவியேறிய வாய்களுக்குள் செல்போன் விளக்கு அடித்துப் பார்த்து, உனக்கு முப்பத்தஞ்சு முப்பத்தாறு இடத்துல நிக்குது, நீயெல்லாம் பேசக்கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆறுக்காரர்கள் யார் யார் என்று கவனித்துப் பார்த்தேன். அவரவர் வரப்பு எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் இத்தனை ஆறுக்காரர்களா என்று எனக்கே திகிலாகிவிட்டது.

அண்ணன் மேல்முறையீட்டுக்கு அமெரிக்கா போனார். எக்ஸ்ரே படத்தை சூர்யபிரகாஷுக்கு அனுப்பி, அங்கே இருக்கிற டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். அந்த டாக்டர் இதை ஏழு என்று சொல்லவில்லை, முப்பத்தொன்று என்று சொன்னாராம். அண்ணன் அன்று ஊர் முழுக்க நடந்து, அமெரிக்காவில் ஏழு என்று சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கணக்கில் ஆறு எத்தனையாம் என்று நான் சூர்யபிரகாஷிடமே போன் போட்டுக் கேட்டேன். அது முப்பது சித்தப்பா, அந்தப் பல் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றான். நல்ல பிள்ளை. அதையும் கொள்முதல் நிலையத்தில் சொல்லிவைத்தேன்.

இதற்கு நடுவே அண்ணன் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. மாத்திரை தீர்ந்தால் வலி வரும். அண்ணி கறியை வேகவைத்து மிக்ஸியில் அரைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது அவர் முகம் போன போக்கை அண்ணியே வந்து சொல்லி அழுதார். அவருக்கு மூன்றடி மண் முக்கியமா, வாய் முக்கியமா, நீங்களாவது கேளுங்கள் தம்பி என்றார். நான் வழக்கில் ஒரு கட்சி, நான் கேட்பது முறையாக இருக்காது அண்ணி என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகச் செம்மொழியிடம் போனார்.

செம்மொழி சின்ன வயதுதான், ஆனால் வழவழா கொழகொழா பேச்சு கிடையாது. எங்கள் இரண்டு பேரையும் வயலுக்கே வரச்சொல்லி, வரப்பின் மேல் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"வாய்க்கு ஒரு நியாயம், வயலுக்கு ஒரு நியாயம்னு கிடையாதுங்க. அது ஆறுன்னா பல்லும் அங்கேயே இருக்கட்டும், வரப்பும் இங்கேயே இருக்கட்டும். ஏழுன்னா பல்லும் பின்னால போகணும், வரப்பும் பின்னால போகணும். ரெண்டு பேரும் சம்மதமா?"

அண்ணன் சம்மதம் என்றார். நான் அதைவிடச் சத்தமாகச் சம்மதம் என்றேன். சத்தியம் செய்யுங்கள் என்றார் செம்மொழி. சுற்றுமுற்றும் பார்த்தால் பக்கத்தில் வேறு சாமி இல்லை. மஞ்சள் பூசிய அந்த சர்வே கல் மேலேயே இரண்டு பேரும் கை வைத்துச் சத்தியம் செய்தோம்.

எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இந்த மனிதர் கறி இல்லாமல் ஒரு மாதம் தாங்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். தப்பு. கஞ்சி குடித்தார், கூழ் குடித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக்கூட முடியாத நிலைமையில் இருந்துகொண்டு பங்குனி முழுக்கத் தாக்குப்பிடித்தார். சித்திரையில் பூதலூரில் அண்ணியின் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி விருந்து. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அண்ணனுக்கு வந்தது. நல்லி எலும்போடு இலை நிறையப் போட்டார்கள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். வலதுபக்கம் தள்ளினார், இடதுபக்கம் தள்ளினார், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வலதுபக்கம் தள்ளினார். பிறகு யாருக்கும் தெரியாமல் எடுத்து இலைக்கு அடியில் வைத்துவிட்டு, ரசம் கொண்டுவரச் சொன்னார். நான் எதிரிதான், ஆனாலும் அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. என் இலையில் இருந்த கறியும் இறங்கவில்லை. கொஞ்சம்தான் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குடவாசல் போயிருக்கிறார். இரண்டு மூன்று முறை போய்வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எட்டாம் பல்லை எடுத்தாகிவிட்டது. அறுபது வயதில், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை போல, கடைவாயில் கம்பி மின்னியது.

"ஏழுதான்டா தியாகு. சர்வேயர வரச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். சூடு ஆகாது என்று போய்விட்டார். அன்று எனக்கு ஜெயித்த மாதிரியும் இருந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது. ஜெயித்த மாதிரிதான் அதிகமாக இருந்தது.

வைகாசியில் சர்வேயர் வந்தார். வயல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அளப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. செம்மொழி வந்திருந்தார். ஊரில் ஆறுக்காரர்களும் ஏழுக்காரர்களும் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வரிசையாக மூன்று வயலையும் அளப்பதால் காளியம்மாள் அக்காவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு தன் வரப்போரமாக உட்கார்ந்திருந்தார்.

எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார் சர்வேயர். அண்ணன் மஞ்சள் பூசிய கல்லைக் காட்டினார். நான் விடுவேனா? அது பூசையெல்லாம் நடந்து கைப்பட்ட கல், ராத்திரியோடு ராத்திரியாக யார் எதை நகர்த்தினார்கள் என்று யாருக்குத் தெரியும், கிழக்குக் கோடியில் வாய்க்கால் ஓரமாக ஒரு கல் இருக்கிறது, அதில் யாரும் கை வைத்ததில்லை, அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாய்க்கால் கல்லிலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு மேற்கே வந்தார்கள். முதலில் காளியம்மாள் அக்காவின் வயல். படத்தில் இருக்கிற அளவு முடிகிற இடத்தில் முளை அடிக்க வேண்டும். டேப் வந்தது, அவருக்கும் எனக்கும் நடுவே இருக்கிற வரப்பைத் தொட்டது, தொட்ட இடத்தில் நிற்காமல் வரப்பைத் தாண்டி என் வயலுக்குள் வந்தது. நாலடி உள்ளே வந்து நின்றது. சர்வேயர் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என் வயலுக்குள் முளையை அடித்தார்.

பிறகு அந்த முளையிலிருந்து என் வயலை அளந்தார்கள். என் அளவு சரியாக மஞ்சள் பூசிய கல்லில் வந்து முடிந்தது. ஒரு விரல்கடை கூட வித்தியாசம் இல்லை. அண்ணன் எனக்கு மூன்றடி விட வேண்டும். நான் காளியம்மாள் அக்காவுக்கு நாலடி விட வேண்டும்.

டேப் வெயிலுக்கு இழுத்திருக்கும் என்றேன். அது இழுக்காத டேப் என்றார் சர்வேயர். வாய்க்கால் தூர் வாரும்போது இயந்திரம் இடித்து அந்தக் கல் நகர்ந்திருக்கும் என்றேன். யாரும் கை வைக்காத கல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் செம்மொழி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பல்லை வைத்து நிலத்தைப் பேசுவது என்ன முட்டாள்தனம், பல் வேறு, நிலம் வேறு, அந்த நாலடியை நான் எத்தனை வருஷமாக உழுது எருப் போட்டு நடவு நட்டு அறுத்திருக்கிறேன், இத்தனை நாளும் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தேன். ஆறுக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் பாசமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கம்பி தெரியச் சிரித்தார்.

"நீ கிழக்க போன. பின்னால இடம் கெடந்துச்சு, நான் வந்தேன். டாக்டரம்மா சொன்னத நீ காதுல வாங்கலியா? ஏழு சாஞ்சாத்தான் எட்டு நகரும். என் எட்டைப் பிடுங்கியாச்சுப்பா. ஏழு நீதான்."

நான் பதில் சொல்வதற்குள் காளியம்மாள் அக்கா எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு முளை அருகில் வந்தார். அதைக் காலால் தொட்டுப் பார்த்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. எப்போதும் என்னிடம் பேசுகிற அதே குரலில்தான் பேசினார்.

"வருஷா வருஷம் நீங்களே வந்து வரப்பு வெட்டிக் குடுப்பீங்க. இந்த வருஷமும் நீங்களே வெட்டிக் குடுத்துருங்க தம்பி."

மண்வெட்டி கொண்டுவரவில்லை என்றேன். அண்ணன் தன்னுடையதை நீட்டினார்.